எதிர் அணிக் கோல்கீப்பர் எங்க வீட்டுலதான் தூங்குறான்

ஹலோ... ஹலோ, ஐஸ் ஹாக்கி ரிங்க் ஆபீஸா? ... நான் கோரின் பேசுறேன்ப்பா. ஒரெஸ்ட் இருக்காரா? ... ஆமா, கோச்சு ஒரெஸ்ட்தான். வேற எத்தன ஒரெஸ்ட் வெச்சிருக்கீங்க அங்க. ... ஐஸ்ல நிக்கிறாரா. நிக்கட்டும், இறங்கி வரச் சொல்லு. பொண்டாட்டி கூப்பிடுறான்னு சொல்லு, சறுக்கிக்கிட்டே வருவாரு. ... இருக்கேன், இருக்கேன்.

... ம்... ஹலோ. ஒரெஸ்ட், நான் மெதுவாத்தான் பேசுவேன். போனைக் காதோட ஒட்டி வெச்சுக்க. ஜோரி கீழ பேஸ்மென்ட்ல தூங்குறான். ... சாப்பிட்டான், சாப்பிட்டான். கோழியும் பாஸ்தாவும். ... இல்ல, நான் ஒரு வார்த்தை பேசல. ஆட்டம் இருக்கிற அன்னைக்குக் கோல்கீப்பர்கிட்ட யாராவது வாயக் குடுப்பாங்களா. தட்ட வெச்சேன், தட்ட எடுத்தேன், அவ்வளவுதான். ... ஆமா, ராசியான இடது பக்க நாற்காலிலதான் உக்காந்தான். அதெல்லாம் சரியா நடந்துச்சு.

இப்ப நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, அவன் பை எங்க? ... எந்தப் பைன்னு கேக்குற. அந்தப் பெரிய பை. கால் பேடு, கையுறை, ஹெல்மெட், நாத்தம், எல்லாம் ஒண்ணா இருக்குமே, அந்தப் பை. ஹீட்டர் பக்கத்துல காய வெச்சிருந்துச்சு. இப்பத் துணி தோய்க்க இறங்கினேன், காணோம். தரையில ஈரம் மட்டும் இருக்கு. ...

இரு, நீ பேசாத. நான் சொல்றேன் என்ன நடந்துச்சுன்னு. பழக்க தோஷம். ஆட்ட நாள் விடிஞ்சா அரைக்கண்ணோட எழுந்திருப்ப, பேஸ்மென்ட்ல இறங்குவ, கண்ணுல பட்ட பையெல்லாம் தூக்கி ட்ரக்ல போடுவ. போன வருஷமெல்லாம் அதானே செஞ்ச. இன்னைக்கும் செஞ்சுட்ட. ஆனா என் ராசா, அவன் இப்ப உன் டீம் இல்ல. ஹார்லோ டீம். இன்னைக்கு ராத்திரி உன்ன எதுத்து ஆடப்போற டீம். ஆளுக்கு மூணு ஆட்டம் ஜெயிச்சு, கப்பு யாருக்குன்னு முடிவு பண்ற ஏழாவது ஆட்டம், அதுவும் நம்ம வில்டன் ரிங்க்ல. அவங்க கோல்கீப்பரோட மொத்தச் சாமானும் உன் டிரஸ்ஸிங் ரூம்ல கெடக்குன்னா ஊரு என்ன சொல்லும்? கோச்சு தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லும். ... சிரிக்காத ஒரெஸ்ட். எனக்குச் சிரிப்பு வரல.

... ஆமா. ... ஆமா, சரி, அங்கதான் இருக்கா. நான் சொன்னேன்ல. ... பழக்க தோஷம் இல்லையா? அப்ப என்ன தோஷம்? ... ம்ஹும், காதுல பூ சுத்தாத.

... அவன் ஏன் இன்னும் நம்ம வீட்டுல இருக்கான்னு அந்த வெர்ன் கேட்டா, கேக்கட்டும். டீம் போர்டுக்குத் தலைவர்னா என் பேஸ்மென்ட்டுக்குமா தலைவர்? ஜனவரியில அவன ஹார்லோவுக்கு மாத்தி விட்டது யாரு, நானா? வெளியூர்ப் பையன், அங்க எவனும் தங்க வீட்டுல இடம் குடுக்கல. இவனுக்கு வேலை இங்க டயர் கடையில. அரைமணி நேரம் வண்டி ஓட்டிப் போயி ஆடிட்டு வரட்டும், சோறும் படுக்கையும் இங்கதான்னு நான் சொன்னேன். இப்பவும் சொல்றேன். கோச்சு ஆள மாத்தலாம். நான் மாத்த மாட்டேன்.

... கத்தலையே. மெதுவாத்தான் சொல்றேன்.

... ஆமா, மாத்தினதுதான் மாத்தின, பதிலுக்கு ஒரு பையன வாங்கினியா? ஒரு பழைய ஸ்கேட்டாவது வாங்கினியா? பதிலுக்கு என்னன்னு ‘பின்னாடி பாத்துக்கலாம்’னுட்ட. ஊர்ப் பேப்பர்ல அப்படியே போட்டான். ஜோரிக்குப் பதிலா வில்டனுக்குக் கிடைச்சது, பின்னாடி பாத்துக்கலாம். சும்மா குடுத்துட்டீங்க அவன. அந்தப் பேப்பர மடிச்சு டேபிள் மேல வெச்சுட்டு எழுந்து போனான் பாரு, அதோட சரி. அன்னையிலருந்து அவன் உன்கிட்ட பேசல, நீ அவன்கிட்ட பேசல. ‘உப்ப அவர எடுக்கச் சொல்லுங்க.’ ‘அவன வெண்ணெய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.’ நடுவுல நான் ஒருத்தி, ரெண்டு நாட்டுக்கு நடுவுல தந்திக் கம்பி மாதிரி. எனக்குத் தோள்பட்ட வலி எதனால வந்துச்சுன்னு நெனைக்கிற?

... தெரியும். தெரியும் ஒரெஸ்ட். நீ எதுக்கு அனுப்பினன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே. அதானே இங்க சங்கடம். ... சரி, அது அப்புறம். முதல்ல பைய அனுப்பு. அவன் முழிக்கிறதுக்குள்ள அது ஹீட்டர் பக்கத்துல இருக்கணும்.

... என்ன? ... பைக்குள்ள என்ன?

... எந்தப் பட்டை? ... முழங்கால் பட்டையா. எனக்கென்ன தெரியும். ஹாக்கி சாமான்ல ஆயிரம் பட்டை இருக்கும். ... இல்லையே. ... இடது காலா, வலது காலா, நான் எங்க பாத்தேன். அவன் நல்லாத்தான் நடக்குறான். ... பட்டாணியா? பட்டாணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

... ஃப்ரீசர்ல பட்டாணிப் பொட்டலம் குறைஞ்சா நான் சமைச்சேன்னு அர்த்தம். ... ரெண்டு வாரமா நான் பட்டாணி சமைக்கவே இல்லையா? நீ எப்ப இருந்து தட்டப் பாத்துச் சாப்பிட ஆரம்பிச்ச?

... சரி. சரி, விடு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியாது. ஆமா, எனக்குத் தெரியும். ராத்திரியில எடுத்துட்டுப் போயி முட்டில வெச்சுக்கிட்டு, விடியறதுக்குள்ள திரும்பக் கொண்டாந்து வெச்சுடுறான். பாதி உருகி, பாதி உறைஞ்சு, ஒரே கட்டியா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. ... இல்லல்ல, பெருசா ஒண்ணுமில்ல, வெறும் சுளுக்கு. டாக்டர் பாத்தாராம், பட்டையோட ஆடலாம்னு சொன்னாராம். அவங்க அம்மா வடக்கே இருந்து போன் பண்ணினப்ப சொன்னா. அவளும் சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னா.

ஒரெஸ்ட், கேளு. நல்லாக் கேளு. நீ பாத்தது பாத்ததா இருக்கட்டும். ஆனா அந்தப் பசங்ககிட்ட சொல்லிடாத. ‘கீழ அடி, இடது பக்கம் அடி, அவன் மண்டி போட நேரமாகும்’னு நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. இதோட அவனுக்கு வயசு தாண்டிடுச்சு. இனி ஜூனியர் டீம்ல ஆட முடியாது. இன்னைக்கு ஆடுறதுதான் அவன் ஆடுற கடைசி ஆட்டம். நாளைக்கு மூட்டையக் கட்டிக்கிட்டு வடக்கே அவங்கப்பன் மரக்கடைக்குப் போயிடுவான். கடைசி ஆட்டத்துல, என் வீட்டு பேஸ்மென்ட்ல இருந்து போன சேதியால அவன் தோத்தான்னா, நான் உன்ன மன்னிக்க மாட்டேன். சத்தியமா மாட்டேன். ...

... என்ன? ... திரும்பச் சொல்லு.

... மூணாவது ஆட்டத்துல இருந்தா? அப்பவே தெரியுமா உனக்கு? ... எப்படி? ... படியில.

... ஓ. ஆமா. ஒரு கால் டக், ஒரு கால் டொக். படுக்கையில படுத்துக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா. நான் நீ தூங்கிட்டன்னு நெனச்சேன்.

... அப்ப ஆறாவது ஆட்டம்? நம்ம பசங்க ராத்திரி முழுக்க மேலயே அடிச்சாங்களே. அவன் கையுறைக்கு நேராக் கொண்டு போயிக் குடுத்த மாதிரி. நான் ஹார்லோ ரிங்க்குக்கு வந்து பாத்து, இந்தப் பசங்களுக்கு மூளையே இல்லையான்னு திட்டிக்கிட்டு நின்னேன். ... நீ சொல்லவே இல்லையா? ஒருத்தன்கிட்டயும்? ... ஏய், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையே கப்பு நம்ம அலமாரியில.

... வீட்டுப் படியில கேட்டது வீட்டோட. ... ம். ... ஐஸ்ல உன் பசங்களே கண்டுபிடிச்சா அது அவங்க சாமர்த்தியம். ... சரி. ... சரி, ஒரெஸ்ட். ... இல்ல, நான் ஒண்ணும் அழல. உன்ன ரெண்டு நிமிஷம் முன்னாடி திருடன்னு நெனச்சேன், அதான் கொஞ்சம் சங்கடமா இருக்கு. ... ஆமா, நெனச்சேன். வாய் விட்டுச் சொல்லல. ... சொல்லிட்டேனா? ஊரு சொல்லும்னுதான் சொன்னேன்.

... என்ன சத்தம் அது? யாரு உள்ள வர்றா? ... வெர்னா. அந்தப் பட்டைய எடுத்து மறை. பைக்குள்ள போட்டு ஜிப்ப இழு. ... போட்டாச்சா. ... பைய பாத்துட்டாரா? ஹார்லோ பேரு இவ்வளவு பெருசா எழுதியிருக்கே, பாக்காம எப்படி. ... என்னவாம்? ... ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பூட்டிடலாம்னு சொல்றாரா. ஆட்டம் தொடங்கற நேரத்துல ‘கெடச்சிடுச்சு’ன்னு குடுக்கலாமாமா.

போனை அவர்கிட்ட குடு. ... குடு ஒரெஸ்ட். நான் ஒண்ணும் சண்ட போடல. குடு.

... வணக்கம் வெர்ன். கோரின்தான். எப்படி இருக்கீங்க? ... முதுகு தேவலையா? ... குளிர்தான், என்ன பண்றது, மார்ச் வந்தும் விட மாட்டேங்குது. ... ஆமா, பையப் பத்தித்தான். தப்பா வந்துடுச்சு. ஒரெஸ்ட் இதோ கொண்டாந்து குடுத்துடுவாரு. ... ஆமா. ... நீங்க விளையாட்டுக்குச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். ... விளையாட்டுக்கு இல்லையா.

... கேக்குறேன், சொல்லுங்க. ... ஊருக்காக. ... பதினாறு வருஷமா கப்பு வரல, தெரியும். ... ‘ஆடு பகை, குட்டி உறவா’ன்னு கேக்குறீங்க. ஆமா வெர்ன். அப்படித்தான். குட்டி என் வீட்டுல படுத்துத் தூங்குது, நான் என்ன செய்ய? உங்க பேரன் கூடத் தெற்கே யாரோ ஒருத்தி வீட்டுல தங்கித்தானே ஆடுறான். அவ யாரு, என்ன ஆளுன்னு நமக்குத் தெரியாது. அவ ஒரு நாள் அவன் ஸ்கேட்ட ஒளிச்சு வெச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்? ... ஆங். ... அவ அப்படிப்பட்டவ இல்லையா. சந்தோஷம். நானும் அப்படிப்பட்டவ இல்ல.

... இல்ல, மிரட்டல. ஒரு சேதி மட்டும் சொல்றேன். இன்னைக்கு ரிங்க் கேன்டீனுக்காகப் பெரோகிக் கொழுக்கட்டை பிடிச்சு வெச்சிருக்கேன். தட்டுத் தட்டா, என் சமையல்கட்டு முழுக்க. உருளைக்கிழங்கும் சீஸும், நீங்க கேப்பீங்களேன்னு முட்டைக்கோஸ் கூடக் கொஞ்சம். அந்தப் பை நாலு மணிக்குள்ள என் பேஸ்மென்ட்டுக்கு வரலன்னா, இது எல்லாம் ஃப்ரீசருக்குள்ள போயிடும். கேன்டீன் கதவு திறக்காது. ஊரே வந்து நிக்கும், வெறும் காப்பியும் கெடையாது. ஏன்னு கேட்டா ‘வெர்ன கேளுங்க’ன்னு ஒரு அட்டை தொங்க விடுவேன். ... நீங்க சிரிக்கிறீங்க. நான் எழுதி வெச்சுட்டேன் அட்டைய. ... சரி. ... சரி வெர்ன். நல்ல மனுஷன் நீங்க. முட்டைக்கோஸ் தனியா எடுத்து வெக்கிறேன். வெங்காயம் தூக்கலாப் போட்டு. ... ஒரெஸ்ட்கிட்ட குடுங்க.

... ஹலோ. போயிட்டாரா? ... கதவ சாத்து. ... என்ன, அட்டையா? இல்ல, எழுதல. எழுதறதுக்கு எத்தன நேரம் ஆகும்.

சரி, இப்பக் கிளம்பு. பின் சந்து வழியா வா. முன்னாடி வந்தா எதுத்த வீட்டுக்காரி ஜன்னல்ல நிப்பா. பைய இருந்த இடத்துலயே வெச்சுடு. நீ எடுத்தது அவனுக்குத் தெரியவே கூடாது. பட்டைய நீ பாத்தன்னு தெரிஞ்சா பையன் ஒடைஞ்சு போயிடுவான். ...

... என்ன ‘ம்ம்’? ... சொல்லு. ... எதையோ முழுங்குற. ஆரம்பத்துல இருந்தே முழுங்குற. ... நான் பேச விடலையா? சரி, இப்பப் பேசு. வாய மூடிக்கிட்டேன்.

...

...

யாரு குடுத்தா?

... அவனா? ... அவனே குடுத்தானா? ... நீ எடுக்கலையா அப்ப. ... இரு. இரு, ஒண்ணொண்ணாச் சொல்லு. விடியக் காலையில நீ ட்ரக்க சூடு பண்ணிக்கிட்டு இருந்த. ... ம். ... அவன் ஷூ கூடப் போடாம, சாக்ஸோட பனியில வந்தானா. அறிவு இருக்கா அவனுக்கு. ... பைய அவனே தூக்கி உள்ள போட்டான். ... ம். ... என்ன சொன்னான்? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு. சுருக்காத.

... ‘பட்டை பிஞ்சு போச்சு. எங்க ஆளுங்ககிட்ட காட்டினா என்னைய ஆட விட மாட்டாங்க. உங்ககிட்ட அந்தத் தோல் தைக்கிற மிஷின் இருக்குல்ல.’ ... அவ்வளவுதானா? ... நீ என்ன சொன்ன? ... ‘இருக்கு’ன்னா. ரெண்டு மாசம் கழிச்சு ஒருத்தன் வாயத் திறக்குறான், நீ ‘இருக்கு’ன்னு சொன்ன. ஒரு வார்த்தை. உங்கம்மா உன்ன வார்த்தைக்குப் பஞ்சம் வந்த வருஷத்துல பெத்தாளா?

... தைச்சுட்டியா? ... ரிவெட்டும் அடிச்சுட்டியா. கால் பேடோட சேத்து வெச்சுப் பாத்தியா, இடிக்கலையே? ... நல்லது. ... ஒரெஸ்ட். ... இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன்.

அவன் ஆட விட மாட்டாங்கன்னு தன் கோச்சுக்குப் பயந்து, தன்ன சும்மா தூக்கிக் குடுத்த கோச்சுகிட்ட வந்து நிக்கிறான் பாரேன். அதுவும் ராத்திரி அவன தோக்கடிக்கப் போற ஆளுகிட்ட. நீ சொல்ல மாட்டன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ... தெரிஞ்சிருக்கு. ... என்கிட்ட சொல்லலையே அந்தப் பய. நான் தடுத்துடுவேன்னு நெனச்சிருப்பான். ... தடுத்துத்தான் இருப்பேன். ஆனாலும் எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு. வீட்டுல மூணு பேரு. மூணு பேருக்கும் தெரியும். மூணு பேரும் மூணு பக்கம் திரும்பி உக்காந்து வாயில ரொட்டிய அடைச்சுக்கிட்டோம்.

... ஆமா. அதத்தான் நானும் சொல்றேன். நீ அவன்கிட்ட சொல்லு ஒரெஸ்ட். ஏன் அனுப்பினன்னு சொல்லு. ஜனவரியில நாம கடைசி எடத்துல கெடந்தோம். ஜெயிச்சத விட பஸ்ஸு பனியில மாட்டினதுதான் அதிகம். இங்க இருந்தா ஒரு ஃபைனல் கூடப் பாக்காம அவனுக்கு வயசு தாண்டிடும்னு நீ ஹார்லோ கோச்சு கால்ல விழாத குறையாக் கேட்ட. அவன் ‘என்கிட்ட குடுக்க ஆள் இல்ல’ன்னான். ‘ஒண்ணும் வேணாம், அவனுக்கு ஆட எடம் குடு’ன்னு நீ சொன்ன. இத நான் பக்கத்துல நின்னு கேட்டேன். சும்மா குடுத்தது இல்ல அது. அவனுக்கு அது தெரிய வேணாமா? ... அப்புறம் ஜோரி இடத்துல நீ நிறுத்தின அந்தப் பதினேழு வயசுப் பொடியன் கோல்ல நின்னு நம்மள ஃபைனல் வரைக்கும் இழுத்துட்டு வருவான்னு யாரு கண்டா. அது உன் தலையெழுத்து.

... ஆட்டம் முடிஞ்சு சொல்றியா. எப்ப? தோத்த மூஞ்சியோடயா, ஜெயிச்ச மூஞ்சியோடயா? ... ரெண்டுல ஒருத்தர் அப்படித்தானே வருவீங்க. யாரு ஜெயிச்சாலும் ரெண்டு பேரும் இந்த டேபிளுக்குத்தான் வரணும். இங்க வேற டேபிள் கெடையாது. ... நான் எந்தப் பக்கம்னா கேக்குற? நான் கேன்டீன் பக்கம். அடுப்புக்கு நேரா. யாரு கோல் போட்டாலும் என் முதுகுதான் அந்தப் பக்கம் இருக்கும்.

... இரு.

... ஒண்ணுமில்ல, படியில சத்தம். ... ஆமா, அவன்தான். டக், டொக். டக், டொக். ... முழிச்சுட்டான். நான் சத்தமாப் பேசிட்டேனோ.

... ஜோரி, என்னப்பா, இன்னும் நேரம் இருக்கே, போய்ப் படு. ... ஒண்ணுமில்ல, கேன்டீன் விஷயமா பேசிக்கிட்டு இருந்தேன். ... வெங்காயம், அது இதுன்னு. ... என்ன, எல்லாம் கேட்டுச்சா? எதுல இருந்து கேட்டுச்சு? ... ‘ஒண்ணும் வேணாம், ஆட எடம் குடு’ன்னதுல இருந்தா.

... ஒரெஸ்ட், லைன்ல இருக்கியா? ... கேட்டுட்டான். ... வெக்காத. போனை வெச்சன்னா நான் அங்க வருவேன். ... பையன் இங்கதான் நிக்கிறான். கைய நீட்டிக்கிட்டு நிக்கிறான். ... போனத்தான் கேக்குறான். வேற எத.

... என்ன சொல்றதுன்னு என்கிட்ட கேக்காத. ‘இருக்கு’ன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திடாத, அவ்வளவுதான். ... இந்தாப்பா, பிடி. உங்க பெரியவரு லைன்ல இருக்காரு. ரெண்டு பேரும் பேசிக்கங்க. இன்னைக்கு ராத்திரியில இருந்து உப்ப நீங்களே கேட்டு வாங்கிக்கங்க, எனக்குத் தோள்பட்ட வலிக்குது.